மதியம் இரண்டு இருபத்தைந்துக்கு ஏற்றிய செய்தி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நாளிதழின் இணையப் பதிப்பில் நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எதை எந்த நேரத்தில் ஏற்றுவது என்று குழப்பமாம்.

“அக்கா, எந்த நேரத்துல போட்டா நெறையப் பேர் படிப்பாங்கங்கிறது உங்களுக்கு அத்துப்படின்னு எல்லாரும் சொல்றாங்க. அதைக் கொஞ்சம் எழுதித் தாங்களேன்.”

“எம்புட்டு எழுதணும்?”

“உங்க இஷ்டம்க்கா.”

ஓய்வு பெற்று விளாங்குடி வீட்டில் சும்மா இருக்கிறவளிடம் இஷ்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. அவள் கேட்டதையும் எழுதியிருக்கிறேன், கேட்காததையும் எழுதியிருக்கிறேன். பிடிக்காததை வெட்டிக்கொள்ளட்டும். வெட்டத் தெரியாமலா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்?

நான் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் மதுரைத் தமிழ், அலுவலகத்தில் பத்திரிகைத் தமிழ் என்று மூன்றையும் வைத்துக்கொண்டு குப்பை கொட்டினேன். அப்பாவுக்குச் சேலை வியாபாரம். தமிழ் எம்.ஏ. முடித்தவுடன் டீச்சர் வேலைக்குப் போவேன் என்று எல்லாரும் நினைத்திருக்க, நான் நாளிதழில் பிழை திருத்தப் போனேன். மூன்று வருஷம் கழித்து உதவி ஆசிரியர் ஆக்கினார்கள். பெண்களுக்கு அப்போது அங்கே இரவு வேலை கிடையாது. அதனால் சாயங்காலத்துக்குள் முடிகிற வெளியூர்ப் பக்கங்கள் என் தலையில் விழுந்தன.

செய்தி ஆசிரியர் கோமதிநாயகம் சார். பசுமலையிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பாக எழுதிய தாளைக் கொண்டுவந்து நம் மேசையில் வைப்பார். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். தப்பு எது என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கிற வரைக்கும் நிற்பார். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தேவலையே என்று இருக்கும்.

உதவி ஆசிரியராக நான் எழுதிய முதல் செய்தியையே அப்படிக் கொண்டுவந்து வைத்தார். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய் உடைந்த செய்தி. ஊர்ப் பெயரைப் பார்த்தேன், தாசில்தார் பெயரைப் பார்த்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் அவரே கேட்டார். “ஏம்மா ராதா, இதை எப்பப் படிப்பாங்க?”

“நாளைக்குக் காலையில சார்.”

“அவங்களுக்கு இது என்னைக்கு நடந்தது?”

அப்போதுதான் உறைத்தது. ‘இன்று கண்மாய் உடைந்தது’ என்று எழுதியிருந்தேன். நாளைக் காலையில் காபியோடு பேப்பரை விரிக்கிறவருக்கு அது ‘நேற்று’ அல்லவா? இன்றைக்கு நடப்பதை ‘நேற்று’ என்று எழுத வேண்டும். நாளைக்கு நடக்கப்போவதை ‘இன்று’ என்று எழுத வேண்டும். நாளிதழில் வேலை செய்கிற எல்லாருக்கும் இது பாலபாடம்.

ஒரே வருஷத்தில் அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் மாமியார் “தபால்காரர் வந்தாரா?” என்று கேட்டால், “நேற்று மூன்று மணிக்கு வந்தார்” என்பேன். வந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “அவகிட்டக் கேட்டு வைங்கம்மா, நாளைக்கு என்ன குழம்பு வச்சாளாம்?” என்று கேலி பண்ணுவார்.

தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில் எங்கள் நாளிதழுக்கு இணையப் பதிப்பு வந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று மாடியில் யோசித்தார்கள். பகல் வேலை, யாரும் மதிக்காத வேலை, அப்படியென்றால் ராதாதான் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளச் செல்வம் என்று ஒருவர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ள மனிதர், ஆனாலும் என்னை அக்கா என்பார். நாங்கள் செய்தியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அதே லைனில் யாராவது போனை எடுத்தால் இணைப்பு அறுந்துபோகும். செல்வம் வெளியே ஓடிப்போய், “யாருப்பா அது, போனை வைங்கப்பா” என்று கத்துவார்.

முதலில் அன்றைய பேப்பரைத்தான் அப்படியே பத்து மணிக்கு மேல் ஏற்றினோம். படிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் எழுதிய ஈ-மெயில்களைப் படித்துத்தான் நேரம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். ஓமனிலிருந்து ஒருவர் எழுதினார்: “நான் கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்க்க முடியும். அதற்குள் எங்கள் ஊர்ச் செய்தி அடியில் போய்விடுகிறது.” வளைகுடாவில் ஒரு மணி என்றால் நமக்கு இரண்டரை. அன்று முதல் உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் செய்திகளையெல்லாம் கையில் பிடித்து வைத்திருந்து, இரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால் விடுவேன்.

நீளமான கட்டுரை என்றால் வியாழக்கிழமை சாயங்காலம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆற அமரப் படிப்பார்கள். மதுரைத் தெருப் பெயர்களைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரையைத் திங்கட்கிழமை காலையில் போட்டேன், சீந்துவாரில்லை. அதையே ஒரு வரி மாற்றாமல் இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை போட்டேன். கடிதமாக வந்து குவிந்தது. பேராசிரியர் ஏதோ அவர் மேதைமை என்று நினைத்துக்கொண்டார், நானும் சொல்லவில்லை. சமையல் குறிப்பு என்றால், நான் வீட்டுக்குக் கிளம்பும்போது போட வேண்டும். அமெரிக்காவில் அப்போதுதான் விடிந்து ஆபீசுக்கு வந்திருப்பார்கள். படித்துவிட்டு, திரும்பும் வழியில் கத்தரிக்காய் வாங்கிப் போவார்கள். போன் பண்ணிய பெண்ணே, நீ கேட்ட சரக்கு இவ்வளவுதான். இந்தக் காலத்துக்கு இது எதுவும் பொருந்தாது, எல்லாரும் கையிலேயே போனை வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

கடிதங்கள் பெருகியதும், மதியச் செய்தி என்று தனியாகப் போட நிர்வாகம் சொன்னது. காலையில் நடந்ததை அன்றே மதியம் போடுவது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். நிருபர்கள் போனில் சொல்லச் சொல்ல, கார்பன் வைத்த தாளில் எழுதுவேன். மேல் தாள் மாடிக்குப் போகும். அது நாளைக் காலை அச்சுக்கு, அதனால் அதில் ‘நேற்று’ என்றுதான் இருக்க வேண்டும். அடியில் உள்ள கார்பன் காப்பி எங்களுக்கு. அதில் ‘நேற்று’ வருகிற இடத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்து ‘இன்று’ என்று எழுதுவேன். ஏற்றுகிற மணியைப் போட்டு, சுருக்கமாகக் கையெழுத்து வைத்துச் செல்வத்திடம் கொடுப்பேன். அவர் டைப் பண்ணி ஏற்றியதும் தாளைக் கம்பியில் குத்தி வைப்பார்.

மூன்று வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது, ஒரு சிக்கலும் வரவில்லை. கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது எனக்கு.

அந்தத் திங்கட்கிழமை மதியம் இரண்டு மணி சுமாருக்குப் பேரையூர் நிருபர் தவமணி போன் செய்தார். அழகர் கோவிலில் காதுகுத்து முடித்துத் திரும்பிய வேன் ஒன்று கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்துவிட்டது, மூன்று பெண்கள் இறந்துவிட்டார்கள், பெயர் இன்னும் தெரியவில்லை, எந்த ஊர் என்றும் தெரியவில்லை. “நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், பேரு கெடச்சதும் கூப்பிடுறேன்க்கா” என்று வைத்துவிட்டார்.

மணியைப் பார்த்தேன். இரண்டு பதினேழு. வளைகுடாவில் சாப்பாட்டு நேரம் வரப்போகிறது. மேல் தாளைக் கிழித்து மாடிக்கு அனுப்பினேன். கார்பன் காப்பியில் ‘2.25’ என்று போட்டு, கையெழுத்து வைத்து, செல்வத்திடம் நீட்டினேன். நீட்டும் முன் படித்தும் பார்த்தேன், இரண்டு முறை. ‘நேற்று மதியம் வேன் கவிழ்ந்து மூன்று பெண்கள் இறந்தனர்.’ அன்றன்று நடந்ததை ‘நேற்று’ என்று வருஷக்கணக்கில் வாசித்துப் பழகிய கண் அது. எல்லாம் சரியாக இருப்பதாகவே பட்டது. சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது.

நான்கு மணிக்குத் தவமணி மறுபடி கூப்பிட்டுப் பெயர்களைச் சொன்னார். செல்வம் பக்கத்தைத் திறந்தார்.

“அக்கா, நேற்றுன்னுல்ல இருக்கு.”

“அடக் கொடுமையே. மாத்திருங்க செல்வம்.”

அம்புட்டுத்தான். நான்கு பத்துக்கு ‘நேற்று’ போய் ‘இன்று’ ஆனது, மூன்று பெயர்களும் ஏறின. திருத்திய விவரத்தை எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அச்சடித்த பேப்பரில் முடியுமா இப்படி என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, காலை பதினோரு மணிக்கு ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலை மொட்டையடித்து முடி முளைத்துக்கொண்டிருந்தது. பெயர் பால்பாண்டி, பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம், வளைகுடாவில் கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடையில் வெல்டர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிரிண்ட்அவுட்டை எடுத்து மேசையில் விரித்தார். அந்த வேன் செய்தி.

“இதுல ரெண்டாவது பேரு எங்கம்மாங்க” என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதுகுத்து அவருடைய தங்கை முத்துலட்சுமியின் குழந்தைக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். லீவு கிடைக்காததால், சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்து நடத்துங்கள் என்று சொல்லியிருந்தார். அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கம்ப்யூட்டரில் எங்கள் செய்தியைப் பார்த்திருக்கிறார். அழகர் கோவில், காதுகுத்து, வேன், கல்லுப்பட்டி என்று படித்ததும் திரும்ப முதல் வரிக்குப் போயிருக்கிறார். அப்புறம் ‘நேற்று’ என்று பார்த்தார். நேற்று என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறும் முகூர்த்த நாள்தான். அவர் வீட்டு விசேஷம் திங்கட்கிழமை. பக்கத்தில் இருந்த ஊர்க்காரரிடம், “நல்லவேளை, நம்ம வேன் இல்லப்பா” என்று சொல்லிவிட்டு, அங்கே இரண்டு மணிக்கு, அதாவது நமக்கு மூன்றரைக்குக் கிளம்பும் படகில் ஏறிக் கடலுக்குள் நான்கு நாள் வேலைக்குப் போய்விட்டார்.

ஊரிலிருந்து கம்பெனிக்குப் போன் போயிருக்கிறது. நம் ஆட்கள் சாவை எப்போது போனில் நேராகச் சொல்லியிருக்கிறார்கள்? “அம்மாவுக்கு உடம்பு முடியலை, வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். போனை எடுத்தவர் அதை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை உடலை வைத்திருந்து பார்த்துவிட்டு, சித்தப்பா மகனே கொள்ளி வைத்தார். ஒரே மகன் கரைக்கு வந்து சீட்டைப் பார்த்தது வெள்ளிக்கிழமை.

“அது என் விதி, அதுக்கு நான் உங்ககிட்ட வரல” என்றார் பால்பாண்டி. “கூட இருந்தவன் ஊர்ல சொல்லிட்டான், நான் கம்ப்யூட்டர்ல பாத்துட்டுத்தான் வேலைக்குப் போனேன்னு. மாப்ள பிரவுசிங் சென்டர்ல போய் எடுத்துப் பாத்திருக்காரு. இதுல ‘இன்று’ன்னு இருக்கு. அம்மா பேரும் இருக்கு. அம்மா செத்ததைப் படிச்சுட்டு வேலைக்குப் போனவனாம் நான். தங்கச்சி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டேங்குது.”

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது முத்துலட்சுமியின் புருஷனை. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சண்டைக்கு வரலம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு நான் பாத்தப்ப ‘நேற்று’ன்னுதான் இருந்துச்சு, பேரே இல்ல. அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆளாளுக்குச் சொல்றதைக் கேட்டு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் கிறுக்குப் பிடிச்சுப் போய்த் தப்பாப் படிச்சுட்டனா?”

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். “பழைய தாளைப் பாக்கணும், நாளைக்கு வாங்க” என்றேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நான்கு பத்துக்கு “மாத்திருங்க செல்வம்” என்று நான் சொன்ன குரல்கூடக் காதில் கேட்டது. பயம் வாயை அடைத்துவிட்டது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாரே என்று இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவர் போனதும் செல்வம் அந்த மாதக் கட்டிலிருந்து கார்பன் காப்பியைத் தேடி எடுத்தார். ‘நேற்று’ பளிச்சென்று இருந்தது. சிவப்பு மை ஒரு துளி இல்லை. 2.25, என் கையெழுத்து.

“அக்கா, இது ஒண்ணுதான் இருக்கு. இதை எடுத்துட்டா யாருக்கும் தெரியாது” என்றார் செல்வம். கெட்டவர் இல்லை, என் வேலை போய்விடுமே என்ற கவலை அவருக்கு. நானும் அதை ஒரு பத்து நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்வானேன்? அப்புறம் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கோமதிநாயகம் சாருக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. நான் சொல்லி முடித்ததும் தாளைக் கையில் வாங்கிப் படித்தார்.

“மேல் தாள்ல இது சரி. கீழ்த் தாள்ல இது தப்பு.”

“ஆமா சார்.”

“தப்பு எல்லாருக்கும் வரும்மா. பேப்பர்ல வந்தா மறுநாள் வருத்தம் தெரிவிக்கிறோம்னு போடுறோம். நீ திருத்தினதை எங்க போட்ட?”

“போடலை சார்.”

“போட்டிருந்தா அந்த ஆளு இன்னைக்கு உன்கிட்ட வந்து நின்னிருக்க மாட்டாரு.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மேனேஜர்கிட்ட நான் கேக்கிறேன்.”

கேட்டார். மேனேஜர் வக்கீலைக் கேட்டார். எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது, யாரும் எதுவும் பேசக் கூடாது என்று பதில் வந்தது. கோமதிநாயகம் சார் அதை என்னிடம் அப்படியே சொன்னார். இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

“சார், எனக்கு நாளைக்கு லீவு வேணும்” என்றேன்.

“எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதனால் எனக்கு என்ன வந்தது என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அலுவலகத் தாளை வெளியே எடுத்துப் போனதற்கும், சொல்லை மீறியதற்கும் மெமோ கொடுத்தார்கள். ஆறு மாதம் கோவில் விழாப் பக்கத்துக்கு மாற்றினார்கள். மாடிப்படி அறை வேலை வேறு யாருக்கும் பிடிபடவில்லை, திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்த முதல் நாளே அந்த வேன் செய்திக்குக் கீழே, முதலில் என்ன இருந்தது, எத்தனை மணிக்கு எது மாற்றப்பட்டது என்று நான்கு வரி சேர்த்தேன். அப்புறம் நான் இருந்த வரைக்கும், எதைத் திருத்தினாலும் கீழே மணியோடு எழுதுவோம். ‘இன்று’, ‘நேற்று’ இரண்டையும் இணையப் பக்கத்திலிருந்தே தூக்கிவிட்டுக் கிழமையைப் போட்டோம். புதிதாக வந்த பிள்ளைகள் இதெல்லாம் எதற்கு, அசிங்கமாக இருக்கிறதே என்பார்கள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை பால்பாண்டி அலுவலக வாசலுக்கு வந்தபோது நான் வெளியிலேயே நின்றேன்.

“உங்க தங்கச்சி வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டேன்.

பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். கல்லுப்பட்டியைத் தாண்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு இன்னும் எட்டு நாள் லீவுதான் இருந்தது. அதற்குப் பிறகு போனால் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும் என்றார்.

பேரையூரில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். முத்துலட்சுமியின் வீட்டுக்கு முன்னால் வந்ததும் அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். “நீங்க போங்கம்மா” என்றார். நல்ல வெயில். நான் மட்டும் உள்ளே போனேன். முத்துலட்சுமியின் இடது கையில் இன்னும் மாவுக்கட்டு இருந்தது. அந்த வேனில் அவளும்தான் இருந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது, காதில் புதுத் தோடு.

நான் யார் என்று சொன்னதும் அவள் புருஷன் எழுந்துவிட்டார். “மச்சான் கூட்டிட்டு வந்தாராக்கும்? பேப்பர்க்காரங்களைக் கூட்டிட்டு வந்தா நடந்தது இல்லைன்னு ஆயிருமா? நான் என் கண்ணால பாத்தேன்.”

“நீங்க பாத்தது நெசம்தான். அது நாலு பத்துக்கு நான் மாத்தினது. உங்க மச்சான் பாத்தது இது” என்று கார்பன் காப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முத்துலட்சுமி வாங்கினாள். எட்டாவது வரைக்கும் படித்தவளாம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முழுதாகப் படித்து முடித்து, திரும்பவும் மேலே போய்ப் படித்தாள்.

“இதுல அம்மா பேரு இல்ல.”

“இல்லம்மா. அப்ப எங்களுக்கே பேரு தெரியாது. தெரிஞ்சு போட்டப்ப உங்கண்ணன் படகு ஏறிட்டாரு.”

“நேத்துன்னு இருக்கு.”

“நான்தான் எழுதினேன். எங்க தொழில் பழக்கம், கவனிக்காம விட்டுட்டேன். என் கையெழுத்துதான் அது.”

“மாத்துனப்ப, மாத்திட்டோம்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?”

“எழுதியிருக்கணும்மா.”

அவள் அதற்குமேல் என்னை எதுவும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் புருஷன் இப்போது தாளை எட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

முத்துலட்சுமி எழுந்து வாசலுக்குப் போனாள். பால்பாண்டி எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி நின்றிருந்தார். வீட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார்.

“அண்ணே” என்று கூப்பிட்டாள்.

அவர் நிமிர்ந்தார்.

“உள்ள வாண்ணே. ரோட்டுல கிடந்தப்ப அம்மாவுக்கு உசுரு இருந்துச்சு. என் மடியிலதான் இருந்துச்சு. உன்னைப் பத்தித்தான் பேசிச்சு. வந்து உக்காரு, சொல்றேன்.”

ஒரு மாதமாக அதை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அவர் தெருவைக் கடந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அழகர் கோவிலிலிருந்து வேன் கிளம்பியதிலிருந்து அவள் சொல்லத் தொடங்கினாள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.